மறைகுறி உடைப்பது எப்படி? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் இருந்து நாங்கள் கொஞ்சப் பேர் மறைகுறிப் புதிர்களை ஒருவருக்கொருவர் அனுப்பி விடுவித்து வருகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மேலே இருப்பவை எளியவை, கீழே போகப் போகக் கடினம். நாலாவது கேள்வியை மட்டுமாவது பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

மறைகுறி எண்டால் என்ன? சுருக்கமாச் சொல்லுங்கோ.

வாசிக்கக்கூடிய செய்தியை ஒரு விதிப்படி மாற்றி, விதி தெரியாதவர் வாசிக்க முடியாதபடி ஆக்கினால் அது மறைகுறி. அந்த விதியில் ஆளுக்கு ஆள் மாற்றக்கூடிய பகுதியைத் திறப்பு என்கிறோம். "ஒவ்வொரு எழுத்தையும் சில இடம் தள்ளு" என்பது விதி. "எத்தனை இடம்" என்பது திறப்பு. யூலியஸ் சீசர் தன் கடிதங்களில் மூன்று இடம் தள்ளி எழுதினார் என்று ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது வெறும் வாசிப்பு. திறப்பே இல்லாமல், முன்னால் கிடக்கும் எழுத்துகளை மட்டும் பார்த்துத் திறப்பைக் கண்டுபிடிப்பதுதான் உடைப்பது.

இதுக்கு மற்ஸ் படிச்சிருக்க வேணுமோ? நான் ஏ.எல்லில கலைப் பிரிவு.

வேண்டாம். எண்ணத் தெரியவேண்டும், வகுத்து மீதி காணத் தெரியவேண்டும். அதைவிட முக்கியம் மொழிக் காது. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும், எது வராது என்று சட்டென்று உறைக்கிற ஆளுக்கு இது நன்றாக வரும். தமிழ் படித்தவர்கள் இதில் பின்னுக்கு நிற்பதை நான் பார்த்ததில்லை.

1942 ஜனவரியில் இங்கிலாந்தின் ஒரு நாளிதழ் 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்துப் புதிரை முடிக்கும் போட்டி ஒன்றை வைத்தது. அதில் தேறிய சிலரைப் போர்க்கால மறைகுறி உடைப்பு நிலையமான பிளெட்ச்லி பார்க் வேலைக்கு அழைத்தது. பண்டைய கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தை 1952 இல் வாசித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் தொழிலால் ஒரு கட்டடக்கலைஞர்.

எங்களிட்டக் கொம்பியூட்டர் இல்லை, டேட்டாவும் அடிக்கடி முடிஞ்சிடும். ஏலுமோ?

ஏலும். கட்டம் போட்ட கொப்பி, பென்சில், அழிறப்பர் போதும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். விட்ட வரியில் ஊகங்களைப் பென்சிலால் போடலாம். புதிர் நாலைந்து வரிதான் இருக்கும், ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டால் பிறகு போன் தேவையில்லை. கரண்ட் போன இரவில் விளக்கு வெளிச்சத்தில் முடிந்த புதிர்கள் எங்களிடம் நிறைய உண்டு.

ஒரு புதிர் கையில வந்தா முதல் என்ன செய்யிறது?

செய்து காட்டுகிறேன். புதிர் இது: ஙுறந்நிவ் நத்தீல் இவ்வை

முதலில் உடைக்க அவசரப்படாமல் பாருங்கள். எந்தத் தமிழ்ச் சொல்லும் "ஙு" என்று தொடங்காது. ஆகவே எழுத்துகள் மாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் ந்நி, த்தீ, வ்வை என்று இரட்டித்த இடங்கள் மூன்று இருக்கின்றன. தமிழில் இரட்டிப்பு எங்கும் உண்டு. இரட்டிப்பு குலையாமல் இருப்பதால், ஒரே மெய்க்கு எப்போதும் ஒரே மாற்று என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். உயிர்க்குறிகளும் இயல்பாகக் கிடக்கின்றன, ஆகவே மாறியது மெய் மட்டும்தான் போலிருக்கிறது.

இப்போது மிகச் சிறிய சொல்லைப் பிடியுங்கள். "இவ்வை". இ, பிறகு ஒரு மெய், அதே மெய் மீண்டும் ஐகாரத்தோடு. "இச்சை" வரலாம், ஆனால் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் "இல்லை" என்பதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கவேண்டும். அப்படியானால் வ என்பது ல. மெய் வரிசையை எழுதுங்கள்: க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. ல வுக்கு அடுத்தது வ. ஒரு இடம் தள்ளியிருக்கிறார்கள். மற்ற எழுத்துகளையும் ஒரு இடம் பின்னால் கொண்டு போனால் ங என்பது க, ற என்பது ள, ந என்பது த, த என்பது ண, ல என்பது ர. "குளத்தில் தண்ணீர் இல்லை."

கவனியுங்கள், ஒரு சொல்லை மட்டும்தான் ஊகித்தோம். மற்ற இரண்டும் அதே திறப்பில் தாமாக வந்தன. விடை சரி என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

இங்கிலிஷில ஈ எழுத்துத்தான் கூட வருமாம், அதை எண்ணித்தான் உடைக்கிறதாம். தமிழுக்கு எது?

எண்ணி உடைக்கும் முறையை 9 ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் கிந்தி எழுதி வைத்தார். ஒரு மொழியில் எது அடிக்கடி வரும் என்பது ஏறத்தாழ மாறாது. மறைகுறியில் அதிகம் வரும் குறியை மொழியில் அதிகம் வரும் எழுத்தோடு பொருத்திப் பார் என்பதுதான் அவர் சொன்னது. ஆங்கிலத்தில் நூறு எழுத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு ஈ.

தமிழில் உயிர்மெய்யை அப்படியே எண்ணினால் ஒரு பந்தியில் பல எழுத்து ஒன்றிரண்டு தடவைதான் வரும், ஒன்றும் தெரியாது. மெய்யைத் தனியாகவும் உயிரைத் தனியாகவும் பிரித்து எண்ணுங்கள். "கு" என்றால் க் ஒன்று, உ ஒன்று. அப்படி எண்ணினால் உயிர்களில் அ முன்னுக்கு வரும், இ யும் உ வும் தொடரும், ஔ காணக் கிடைக்காது. மெய்களில் க், த் இரண்டும் முன்வரிசை. ஞகரம் கடைசிப் பக்கம். ஆங்கில அட்டவணையைக் கொண்டுவந்து தமிழ்ப் புதிரில் போடவேண்டாம்.

ஆளுக்கு ஒரு செய்தித்தாள் பந்தியை எடுத்து எண்ணுங்கள் என்றுதான் புதியவர்களிடம் சொல்வேன். சொந்தமாக எண்ணிய அட்டவணை கையோடு பழகிவிடும். உங்கள் புதிர்கள் பேச்சுத் தமிழில் வருமானால் பேச்சுத் தமிழையே எண்ணுங்கள்.

தமிழில 247 எழுத்து. அப்ப உடைக்கிறது கஷ்டம் எல்லோ?

எழுத்து கூட என்பதால் கஷ்டம் கூடாது. தமிழ் எழுத்துகள் கண்டபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் எங்களுக்கு வழிகாட்டி. பள்ளிக்கூடத்தில் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று படித்தோமே, அதெல்லாம் இங்கே நேராகப் பயன்படும்.

சொல் ட, ண, ற, ன, ள, ழ என்று தொடங்காது, இரவல் சொல்லாக இருந்தால் டகரம் வரலாம். புள்ளி எழுத்தில் தொடங்கவே தொடங்காது. சொல்லின் கடைசியில் புள்ளி வந்தால் அது பெரும்பாலும் ம், ன், ல், ள், ர், ய் இவற்றில் ஒன்று. கடைசியில் க், ச், த், ப் நின்றால் அடுத்த சொல்லும் அதே வல்லினத்தில் தொடங்கும், ஏனென்றால் அது சந்தியால் வந்தது. இந்த ஒரு விதியாலேயே நாலு எழுத்தைப் பிடித்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது ங். இன்றைய தமிழில், இங்ஙனம் போன்ற ஒன்றிரண்டு சொல் தவிர, அது எப்போதும் புள்ளியோடுதான் வரும், அதற்குப் பின்னால் ககரம்தான் வரும். ந், ம் இரண்டும் த வுக்கும் ப வுக்கும் முன்னால் வந்தாலும் வேறு இடங்களிலும் வரும். ஆகவே மறைகுறியில் ஒரு குறி எப்போதும் புள்ளியோடும் எப்போதும் ஒரே குறிக்கு முன்னாலும் மட்டும் வருமானால், அது ங், பின்னால் நிற்பது க. நாலாவது பதிலில் உள்ள திறப்பால் "மாங்குளம்" என்று எழுதினால் "யாச்ஙுறய்" என்று வரும். நீண்ட புதிரில் அந்த "ச்ங" சோடியைத் தேடுங்கள்.

எழுத்தெல்லாம் சாதாரண எழுத்து, எண்ணிக்கையும் சரியா வருகுது, ஆனா வாசிக்க ஏலாம இருக்கு.

அது இடமாற்றம். எழுத்துகள் அவையேதான், வரிசை மட்டும் குலைந்திருக்கிறது. "முல்லைத்தீவு" என்பதை மூன்று மூன்றாக இரண்டு வரியில் எழுதுங்கள்: மு ல் லை, அதற்குக் கீழே த் தீ வு. இப்போது மேலிருந்து கீழாக வாசித்தால் "முத்ல்தீலைவு".

இதில் "த்ல்" என்று இரண்டு புள்ளி அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழில் அப்படி வரவேண்டுமானால் முன்னால் நிற்பது ய், ர், ழ் இவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும்: வாய்ப்பு, பார்த்து, வாழ்ந்து. த் அந்த இடத்தில் நிற்காது. இப்படி இரட்டைப் புள்ளிகளைக் கண்டால் எழுத்தை மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மொத்த எழுத்தை எண்ணுங்கள். 24 என்றால் 4 க்கு 6, 3 க்கு 8 என்று கட்டம் போட்டுப் பாருங்கள். பிரிந்த இரட்டிப்புகள் எந்தக் கட்டத்தில் ஒன்று சேருகின்றனவோ அதுதான் சரியான அகலம்.

ஒரே எழுத்து ஒரு இடத்தில ம எண்டும் இன்னொரு இடத்தில ப எண்டும் வருகுது. புதிர் பிழையோ?

பிழையில்லை, திறப்பு மாறிக்கொண்டே போகிறது. 1, 2, 3 என்று திறப்பு இருந்தால் முதல் மெய்யை ஒன்று, இரண்டாவதை இரண்டு, மூன்றாவதை மூன்று இடம் தள்ளி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். "தம்பி" அப்போது "நர்ரி" ஆகிறது. ம வும் ப வும் இரண்டுமே ர ஆகிவிட்டன. இதை விஷெனேர் முறை என்கிறார்கள். உண்மையில் 1553 இல் இதை எழுதியவர் பெல்லாசோ என்ற இத்தாலியர். முன்னூறு வருடத்துக்கு இதை உடைக்கவே முடியாது என்று நம்பினார்கள்.

1863 இல் கசிஸ்கி என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி வழியை வெளியிட்டார். நீண்ட செய்தியில் ஒரே சொல் பல தடவை வரும். அது திறப்பின் அதே இடத்தில் விழும்போது மறைகுறியிலும் ஒரே மாதிரி வரும். அந்த ஒரே மாதிரித் துண்டுகளில் ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எத்தனை மெய் என்று எண்ணுங்கள். 12, 18, 30 என்று வந்தால் மூன்றையும் மீதியில்லாமல் வகுப்பவை 2, 3, 6. திறப்பின் நீளம் அவற்றில் ஒன்று.

நீளம் 3 என்று வைத்துப் பாருங்கள். 1, 4, 7 ஆம் மெய்களை ஒரு வரியில், 2, 5, 8 ஐ இன்னொன்றில், 3, 6, 9 ஐ மூன்றாவதில் எழுதினால் ஒவ்வொரு வரியும் தனித்தனிச் சாதாரணத் தள்ளல்தான். ஐந்தாவது பதிலில் சொன்ன எண்ணும் முறையை ஒவ்வொரு வரியிலும் போடுங்கள். நேரம் எடுக்கும். ஆனால் மூன்று வரியும் சேர்ந்து ஒரு சொல்லாகும் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பேர் இதில் கிடக்கிறோம்.

உள்ளுக்கு என்ன சொல் இருக்கும் எண்டு ஊகிச்சு உடைக்கிறது கள்ளம் இல்லையோ?

இல்லை. அதுதான் இந்தக் கலையின் பாதி. ஜேர்மனியரின் எனிக்மா மறைகுறியை உடைத்தவர்கள், தினமும் ஒரே நேரத்தில் வரும் வானிலை அறிக்கையில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும் என்று தெரிந்து அதைப் போட்டுப் பார்த்தார்கள். எனிக்மா இயந்திரம் எந்த எழுத்தையும் அதே எழுத்தாகத் தராது. ஆகவே ஊகச் சொல்லின் ஓர் எழுத்து மறைகுறியின் அதே எழுத்துக்கு மேல் விழுந்தால் அந்த இடம் சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் கடிதமா, அன்புள்ள என்று தொடங்கும். கோயில் நோட்டீசா, மேலே பிள்ளையார் சுழியும் சிவமயமும் இருக்கும். மரண அறிவித்தல் என்றால் "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" இரண்டும் தப்பாமல் வரும். எழுதியவர் யார், எதற்கு எழுதினார் என்று கேட்டால் பாதிச் சொல் தெரியும். ஊகம் சரியா பிழையா என்று மிச்ச எழுத்துகள் சொல்லும். அவற்றைக் கேட்காமல் ஊகத்தையே விடையாக அனுப்புவதுதான் கூடாது.

பழைய சி.டி.யில இருந்த அப்பாவின்ர கடிதமெல்லாம் இங்கிலிஷ் எழுத்தாக் கிடக்கு. மறைச்சு எழுதியிருக்கிறாரோ?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. மறைத்து எழுதவில்லை, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருக்கிறார். யூனிகோட் பரவும் முன்பு இங்கே கடிதம், நோட்டீஸ், சங்க அறிக்கை எல்லாம் பெரும்பாலும் பாமினியில்தான். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

யாரும் மறைக்க நினைக்காவிட்டாலும் இது அசல் ஒற்றை மாற்று மறைகுறிதான், பழகுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது. பக்கம் முழுக்க அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் அது மெய்யின் புள்ளி. அங்கிருந்து தொடங்கி இரட்டிப்புகளைத் தேடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கொம்பு மெய்க்கு முன்னால் தட்டச்சாகியிருக்கும். "மெ" என்றால் முதலில் கொம்பு, பிறகு ம. அவசரம் என்றால் பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்பாவின் கடிதம் என்றால் முதல் பக்கத்தையாவது கையால் உடைத்துப் பாருங்கள்.

கையால எண்ணினா ஒரு கணக்கு, கொம்பியூட்டர் எண்ணினா வேற கணக்கு. ஏன்?

யூனிகோடில் "கு" ஓர் எழுத்து இல்லை. க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. "க்" என்பதும் க வும் புள்ளியுமாக இரண்டு. அதற்கு மேல், "கொ" வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் எழுதுகிறவர்கள் எண்ணும் முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தமிழ் இலக்கங்களிலும் கவனம். ௧ என்ற இலக்கம் க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். வேண்டுமென்றே இவற்றைக் கலந்து வைக்கும் புதிர்க்காரர் எங்களில் இருவர் இருக்கிறார்கள். ஔ வுக்கும் ஒ வும் ள வும் சேர்ந்த "ஒள" வுக்கும் இதே கதைதான்.

தமிழில முந்தி இப்பிடி இருந்ததோ? இல்லாட்டி இது வெள்ளைக்காரற்ற விளையாட்டோ?

இருந்தது. இலக்கணம் சொல்லும் குழூஉக்குறி ஒன்று: ஒரு தொழிலார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி சொல்லை மாற்றுவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள். இது எழுத்து மாற்றம் இல்லை, சொல் மாற்றம். சித்திரகவியில் கரந்துறை பாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்து கிடக்கும். செய்தி இருப்பதே தெரியாமல் ஒளித்து வைக்கிற வித்தை அது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கும் மாலைமாற்று திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இருக்கிறது: "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா காணாகாமா காழீயா மாமாயாநீ மாமாயா".

சின்ன வயதில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் க போட்டுக் கதைத்து வீட்டுப் பெரியவர்களைச் சுற்றவிட்டோமே, அதுவும் விதி உள்ள மறைகுறிதான்.

இலங்கையில எங்கயாவது உண்மையா இந்த வேலை நடந்ததோ?

நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் செய்திகளை ஒட்டுக்கேட்டு உடைத்த பிரிட்டிஷ் பிரிவு, சிங்கப்பூர் விழப்போகும் நேரத்தில் 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தது. அந்த ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பிரிவு கென்யாவின் கிலிண்டினிக்கு நகர்ந்தது. 1943 இல் திரும்பி வந்து கொழும்பில் எச்.எம்.எஸ். ஆண்டர்சன் என்ற நிலையத்தில் போர் முடியும்வரை வேலை செய்தது. எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் போடுவது என்றாலும் அது தரையில், ஒரு கோல்ப் மைதானத்தில் இருந்த நிலையம்.

பெண் பிள்ளைகளுக்கு இது சரிவருமோ என்று கேட்கும் பெற்றோருக்கும் இங்கேயே சொல்கிறேன். பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

எங்கட ஊர்க் காட்டுக்குள்ள ஒரு கல்லில எழுத்து இருக்கு. புதையல் குறிப்பு எண்டு சொல்லுகினம். உடைச்சுத் தருவீங்களோ?

கல்வெட்டு மறைகுறி இல்லை. எல்லோரும் வாசிக்கத்தான் அதைக் கல்லில் வெட்டினார்கள். எழுத்து பழசாகிப் போனதால் எங்களுக்கு வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். தமிழ்ப் பிராமியோ வட்டெழுத்தோ சிங்கள எழுத்தோ தெரிந்தவர் நேராக வாசிப்பார். பெரும்பாலும் தானம், குளம், காணி பற்றித்தான் இருக்கும். குளத்துக்கு யார் எதைக் கொடுத்தார் என்ற ஒரு வரி வன்னி வரலாற்றுக்குப் பொன்னைவிடப் பெறுமதியானது.

தயவுசெய்து தோண்டாதீர்கள். கல்லைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். சாய்வான வெளிச்சத்தில், காலையிலோ பின்னேரத்திலோ, படம் எடுத்து வரலாறு படித்த ஆசிரியர் ஒருவரிடமோ பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். அமெரிக்காவில் 1885 இல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. பீல் என்பவர் புதைத்த தங்கத்தின் விவரம் மூன்று மறைகுறிகளில் இருக்கிறது என்றது. இரண்டாவது மட்டும் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் திறப்பாக வைத்து வாசிக்கப்பட்டது. அன்று தொடங்கி வேர்ஜீனியாவில் தோண்டினார்கள், ஒரு காசும் கிடைக்கவில்லை.

ரகசிய எழுத்து எழுதினா பிரச்சினை வராதோ? எங்கட இடம் அப்பிடி எல்லோ.

இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்துக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்த காலத்தைக் கண்ட வீடுகள் இங்கே நிறைய. ஆகவே நாங்கள் சில பழக்கங்களை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புதிரின் மேலேயும் "புதிர்" என்று பெரிதாக, சாதாரண எழுத்தில் எழுதுவோம். விடையைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்போம், யார் கேட்டாலும் திருப்பிக் காட்டலாம். உயிரோடிருக்கும் ஆட்களின் பெயர், போன் இலக்கம், முகாம், சோதனைச் சாவடி எதுவும் புதிருக்குள் வராது. சுவரிலும் பஸ் தரிப்பிலும் ஒட்டுவதில்லை. உண்மையான செய்தி அனுப்ப இதைப் பயன்படுத்துவதில்லை.

பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் சேரவேண்டும். அம்மாவுக்கு ஒரு புதிரைச் செய்து காட்டுங்கள். பல வீடுகளில் அம்மாதான் பிறகு முதலில் உடைக்கிறார்.

ஒராளின்ர வட்ஸ்அப் மெசேஜை எடுத்துத் தர ஏலுமோ?

ஏலாது, கேட்கவும் வேண்டாம். இன்றைய செய்திச் செயலிகளின் மறைகுறி நாங்கள் உடைக்கும் வகையே இல்லை. அவற்றில் பயன்படும், 2001 இல் தரமாக்கப்பட்ட ஏஇஎஸ் என்ற மறைகுறி முறையின் மிகச் சிறிய திறப்பிலேயே இரண்டை 128 தடவை பெருக்கினால் வரும் அளவு சாத்தியங்கள் உண்டு. உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடியாது. "நான் எடுத்துத் தருகிறேன், காசு அனுப்பு" என்கிறவர் உங்கள் காசையோ உங்கள் இரகசிய இலக்கத்தையோதான் எடுப்பார். முடிந்தாலும் செய்யமாட்டோம். அடுத்தவரின் கடிதம் புதிர் ஆகாது.

நான் உடைச்சு அனுப்பினன், நீங்கள் ஏற்கேல்லை. வாசிச்சா வசனம் வருகுதே?

வசனம் வந்தால் மட்டும் போதாது. உங்கள் விதியையும் திறப்பையும் இன்னொருவரிடம் கொடுத்தால், உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அவரும் அதே வசனத்துக்கு வரவேண்டும். உங்கள் விடையை அதே விதியால் திரும்ப மறைத்தால் புதிர் எழுத்துக்கு எழுத்து கிடைக்கவேண்டும். "இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றி வாசிக்கவேண்டும்" என்று அடிக்கடி சொல்லவேண்டி வந்தால், அது நீங்கள் எழுதிய வசனம், புதிரில் இருந்த வசனம் இல்லை.

மிகச் சிறிய புதிரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்தெழுத்து மறைகுறிக்குப் பொருத்தமான சொல் எத்தனையோ கிடைக்கும், எது சரி என்று சொல்ல வழியே இல்லை. அமெரிக்கக் கணிதர் குளோட் ஷானன் 1949 இல் இதைக் கணக்கால் காட்டினார். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து மாற்றிய மறைகுறிக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கிறது என்று சொல்ல ஏறத்தாழ 30 எழுத்தாவது தேவை. ஆகவே சிறியதாக அனுப்புகிறவர்கள் விதி எது என்று ஒரு குறிப்பும் கொடுங்கள்.

யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், யாருக்கும் தெரியாத எழுத்தில் எழுதப்பட்ட வொய்னிச் கையெழுத்துப் பிரதி பெரிய உதாரணம். அதன் தோல் 1404 க்கும் 1438 க்கும் இடைப்பட்டது என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. உடைத்துவிட்டேன் என்று எத்தனையோ பேர் அறிவித்தார்கள். அவர்களின் விதியை வைத்து அடுத்த பக்கத்தை வாசிக்க மற்றவர்களால் முடியவில்லை. எங்களில் யாருக்கும் இதே அளவுகோல்தான்.

ஏ.ஐ. இட்டக் குடுத்தா ஒரு நிமிசத்தில முடியுமே?

சாதாரணத் தள்ளலை முடிக்கும். கொஞ்சம் கடினமானதைக் கொடுத்தால் அழகான ஒரு வசனத்தை உறுதியாகச் சொல்லும், திரும்ப மறைத்துப் பார்த்தால் பொருந்தாது. முந்தின பதிலின் சோதனையை அதற்கும் வையுங்கள். எண்ணுவதற்கும் நூறு திறப்பைப் போட்டுப் பார்ப்பதற்கும் நிரல் எழுதித் தரச்சொல்வது நல்ல பயன்பாடு.

பெரிய பெரிய மறைகுறிகளைச் சாதாரண ஆக்கள் உடைச்சிருக்கினமோ?

கலிபோர்னியாவில் சோடியாக் என்று தன்னை அழைத்த கொலைகாரன் 1969 இல் பத்திரிகைகளுக்கு அனுப்பிய 408 குறிகளைப் பள்ளி ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் மனைவி பெற்றியும் சில நாட்களில் வாசித்தார்கள். அவன் தன்னைப் பற்றி எழுதுவான், கொலை என்ற சொல் வரும் என்று பெற்றி ஊகித்தது உதவியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 340 குறிகள் 51 வருடம் அசையவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் டேவிட் ஒரன்சாக், ஆஸ்திரேலியாவின் சாம் பிளேக், பெல்ஜியத்தின் யார்ல் வான் ஐக்கே மூவரும் உடைத்தார்கள். ஒருவர் நிரலாளர், ஒருவர் கணிதர், ஒருவர் களஞ்சியசாலை ஊழியர். எழுத்து மாற்றமும் இடமாற்றமும் அதில் சேர்ந்திருந்தன. பிளேக் இலட்சக்கணக்கான வாசிப்பு வழிகளை உருவாக்க, வான் ஐக்கே எழுதிய நிரல் அவற்றைச் சோதித்தது. ஒன்றில் மட்டும் சில சொற்கள் தலைகாட்டின.

அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. வளாகத்தில் 1990 இல் வைக்கப்பட்ட கிரிப்டோஸ் சிற்பம் வேறு மாதிரி. நாலு பகுதியில் மூன்று உடைந்தன. கடைசி 97 எழுத்து நின்றது. 2025 இல் இரண்டு எழுத்தாளர்கள் ஓர் ஆவணக் காப்பகத்தில் சிற்பியின் தாள்களுக்குள் அதன் விடையையே கண்டெடுத்தார்கள். வசனம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எழுத்துகளிலிருந்து அந்த வசனத்துக்கு வருகிற வழியை அவர்கள் கண்டுபிடித்து வரவில்லை. என் கணக்கில் அது உடைத்தது ஆகாது.

சரி, பழக ஒண்டு தாங்கோ.

இலநைலணு ளாச்ஙபறு நிகய்நாட்ணு

மெய் வரிசை நாலாவது பதிலில் உள்ளதுதான். ன வுக்குப் பிறகு திரும்ப க. உயிர்க்குறிகளும் சொல் முதலில் நிற்கும் உயிரும் மாறவில்லை. திறப்பு மூன்று எண்கள், எட்டாவது பதிலில் சொன்னபடி சுற்றிச் சுற்றி வரும். கசிஸ்கி முறைக்கு இது சிறியது, ஊகித்துத்தான் ஆகவேண்டும்: முதற் சொல் கிளிநொச்சியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குளம். விடையை மட்டும் அனுப்பாதீர்கள், மூன்று எண்ணையும் எப்படிப் பிடித்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.